தொழுநோய்ப் புண்களும் ஸ்டீராய்டுக்கு மாற்று மருந்துகளும்

நோயை உண்டாக்கிய கிருமி மடிந்த பின்னும் நோயாளி துன்புறுதல் உண்டு என்று கூறினால், கேட்போர் சிலர் வியப்புறுவர். நோய்க்குக் கொடுக்கும் மருந்தே நாளடைவில் இன்னொரு நோயாய் வளர்தலும் உண்டு என்றால், அவர் வியப்பு அச்சமாக மாறும். இவ்விரு நிலைகளும் ஒருங்கே அமைந்த ஒரு துன்பத்தைப் பற்றியும், அதனை நீக்குதற்கு நம் தமிழ்நாட்டு மருத்துவ நிலையங்கள் ஆற்றிய தொண்டைப் பற்றியும் இக்கட்டுரையிலே சுருங்கக் கூற விழைகின்றோம். நம் கல்லூரியிற் பயிலும் மாணவருட் பலர் திருப்பூர், அவிநாசி, பல்லடம் முதலிய ஊர்களினின்றும் வருபவர்; பனியன் தொழிலோடு உறவுடைய குடும்பத்தினர். ஆகலின் அவ்வூர்த் தொழிலாளி ஒருவரை முன்னிறுத்தியே இப்பொருளை விளக்கத் தொடங்குவோம்.

திருப்பூரிலே ஓர் உடைத் தொழிற்சாலையில் இஸ்திரி போடும் ஒருவரை மனத்தில் எண்ணிக்கொள்க. அவர் கையிலே உணர்ச்சியற்ற தேமல் ஒன்று பல நாள் இருந்தது. சூடான பெட்டி பட்டுத் தோல் வெந்தும் அவர் அதனை அறியவில்லை. உடன் வேலை செய்வார் ஒருவர் வற்புறுத்தவே மருத்துவமனைக்குச் சென்றார். தொழுநோய் என்று தெரிந்தது. மருந்தும் விலையின்றிக் கிடைத்தது. எட்டு மாதம் ஒழுங்காக உண்டார். தேமல் மங்கிற்று. அந்நிலையில் ஒருநாள் இரவு கடுங்காய்ச்சல் கண்டது. முகத்திலும் கைகால்களிலும் சிவந்த கட்டிகள் எழுந்தன. தொட்டால் உயிர் போகும் வலி. அவற்றுட் சில உடைந்து புண்ணாயின. "மருந்துதான் இப்படிச் செய்தது" என்று எண்ணி அவர் மருந்தை நிறுத்தினார். பின்பு தெருக்கோடி மருந்துக் கடையிலே கொடுத்த சிறு மாத்திரைகளை விழுங்கினார். இரண்டே நாளில் வலி பறந்தது, வேலைக்கும் போனார். மாத்திரை தீர்ந்ததும் கட்டிகள் மீண்டன; மீண்டும் வாங்கினார். இவ்வாறே ஆறு திங்கள் கழிந்தன. முகம் உப்பிற்று, நீரிழிவு தோன்றிற்று, படி ஏறவும் காலில் வலுவில்லை. இவர் நாம் கற்பித்துக்கொண்ட மனிதரே. ஆயினும் இவர் பட்ட துன்பம் கற்பனையன்று.

நோயின் இயல்பு

தொழுநோய்க்குக் காரணமான கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் என்பார் 1873ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அது மிக மெல்லப் பெருகுவது. தோலையும் நரம்புகளையும் இடமாகக் கொள்வது. மக்களிற் பெரும்பாலோர்க்கு அதனை எதிர்க்கும் ஆற்றல் இயற்கையிலேயே அமைந்திருக்கிறது. டாப்சோன், ரிபாம்பிசின், குளோபாசிமின் என்னும் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுமருந்து முறையை உலக சுகாதார நிறுவனம் 1981ஆம் ஆண்டிற் பரிந்துரைத்தது. அதன் பயனாக நோய் பெரிதும் குறைந்தது. பதினாயிரம் பேர்க்கு ஒருவர் என்னும் அளவிற்கும் கீழே நோய் இறங்கிவிட்டதாக இந்தியா 2005ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அறிவித்தது. எனினும், இன்றும் உலகிற் புதிதாகக் காணப்படும் நோயாளிகளுட் பாதிக்கு மேற்பட்டோர் நம் நாட்டினரே.

தொழுநோயாளியின் உடலிற் காணும் புண்களெல்லாம் ஒரே வகையின அல்ல. இதனை முதலில் தெளிவாக உணர்தல் வேண்டும். நரம்பு கெட்டு உணர்ச்சி அற்ற கைகால்களிலே, சூடும் முள்ளும் ஊசியும் பட்டு, பட்டதை அறியாமையால் உண்டாகும் புண் ஒரு வகை. நோயே தசையை அழுகச் செய்கிறது என்று முன்னாளில் எல்லாரும் நம்பினர். வேலூரில் 1946ஆம் ஆண்டு முதற் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்டு என்பார், அப்புண்கள் உணராமற் பட்ட காயங்களே என்பதை விளக்கிக் காட்டி, முடங்கிய கைகளை அறுவை முறையால் திருத்தவும் வழி கண்டார். இவ்வகைப் புண்ணில் வலி இராது. இதற்கு வேண்டுவது ஓய்வும் காப்பும் தூய்மையுமே.

மற்றொரு வகை, நாம் மேலே கூறிய தொழிலாளிக்கு நேர்ந்தது. இதிற் கடும் வலி உண்டு, காய்ச்சல் உண்டு. இதனை மருத்துவர் இரண்டாம் வகை எதிர்வினை என்பர். 'எரிதீமா நோடோசம் லெப்ரோசம்' என்பது அதன் இலத்தீன் பெயர். உடலிற் கிருமி மிகுதியாக உள்ள நோயாளிகளுக்கே இது வரும். சிகிச்சைக்கு முன்னும் வரலாம். சிகிச்சையின் இடையிலும் வரலாம். சிகிச்சை முடிந்து ஆண்டுகள் சென்ற பின்னும் வரலாம்.

இது வருவதற்குக் காரணம் யாதெனில், கூறுவோம். சாயப்பட்டறையிலே துணிக்குச் சாயம் ஏற்றி முடிந்த பின்னும், தொட்டியிலே கழிவுநீர் நிற்பதை நம் மாணவர் பலர் கண்டிருப்பர். வேலை முடிந்தது, ஆனாற் கழிவு போகவில்லை. அதுபோலவே மருந்தினாற் கிருமிகள் மடிந்தாலும், அவற்றின் சிதைவுகள் உடலினின்றும் எளிதில் நீங்குவதில்லை. அச்சிதைவுகளை எதிர்த்து உடல் தன் காவற் பொருள்களை ஏவுகின்றது. இரண்டும் பிணைந்து தோலிலும் நரம்பிலும் கண்ணிலும் மூட்டிலும் விரையிலும் அழற்சியை எழுப்புகின்றன. வெள்ளணுக்கள் திரண்டு வருகின்றன; 'டி.என்.எப்.' எனப்படும் அழற்சிப் பொருள் பெருகுகின்றது. அழற்சி மிகக் கடுமையானால் தோல் இறந்து, கட்டி உடைந்து, ஆழ்ந்த புண்ணாகின்றது. ஆதலால் இது கிருமியின் வெற்றியன்று. உடல் அளவு கடந்து செய்யும் போராட்டமே. இதற்கு அஞ்சிக் கூட்டுமருந்தை நிறுத்துதல் பெரும்பிழை. எதிர்வினைக்கு வேறு மருந்து கொடுத்துக்கொண்டே கூட்டுமருந்தையும் தொடர்தல் வேண்டும்.

ஸ்டீராய்டின் இரு முகம்

அழற்சியை அடக்குவதில் ஸ்டீராய்டுக்கு நிகரான விரைவுடைய மருந்துகள் சிலவே. அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹெஞ்ச் என்பார் 1948ஆம் ஆண்டிற் கார்ட்டிசோனை மூட்டுவாத நோயாளிக்குக் கொடுத்து, அதன் ஆற்றலைக் கண்டார். அத்துறையில் உழைத்த மூவர்க்கு 1950ஆம் ஆண்டில் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. அவ்வினத்தைச் சேர்ந்த பிரெட்னிசொலோன் என்னும் மாத்திரையே இன்று தொழுநோய் எதிர்வினைக்குப் பெரிதும் வழங்கப்படுகின்றது. நரம்பு வீங்கிக் கை விழும் நிலையிலும், கண்ணில் அழற்சி கண்ட நிலையிலும் இதனைத் தாமதியாது கொடுத்தல் இன்றியமையாதது. ஆகவே ஸ்டீராய்டைப் பழித்தல் நம் நோக்கமன்று.

ஆனால் இரண்டாம் வகை எதிர்வினைக்கு ஓர் இயல்பு உண்டு. அஃது ஒருமுறை வந்து ஓய்வதன்று. பலர்க்கு ஆண்டுக்கணக்கில் மீண்டும் மீண்டும் வருவது. மருந்தின் அளவைக் குறைத்தால் நோய் ஏறும். நோயை அடக்க அளவைக் கூட்டினால் மருந்தின் தீங்கு ஏறும். இவ்வாறு நெடுநாள் உண்பார்க்கு நீரிழிவும், இரத்த அழுத்தமும், எலும்புத் தேய்வும், கண்புரையும், தசை நலிவும் தோன்றும். உடலில் உறங்கிக் கிடந்த காசநோய் விழித்தெழும். சிறுகுடற் புழு வகைகளுள் ஒன்றாகிய 'ஸ்டிராஞ்சிலாய்டிஸ்' உடலெங்கும் பரவி உயிர்க்கே இறுதி ஆகும். இவையன்றி, நெடுநாள் உண்டதைத் திடீரென நிறுத்தினால், உடல் தானே சுரக்கவேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்கமாட்டாது சோர்ந்து விழும். எத்தியோப்பியா நாட்டிலே இந்நோயாளிகளிடை நிகழ்ந்த இறப்புகளை ஆராய்ந்து 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிஞர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு உண்டதே அவற்றிற்குப் பெருங்காரணமாதல் கூடும் என்று சுட்டினர். இளம் வயதினர் பலர் இவ்வாறு இறந்தனர் என்பது நம் உள்ளத்தை உருக்குவதாகும். ஸ்டீராய்டின் அளவைக் குறைக்க உதவும் வேறு மருந்துகளை நாடுதற்குக் காரணம் இதுவே.

கரிகிரி ஆராய்ச்சி

வேலூரை அடுத்த கரிகிரியில் 1955ஆம் ஆண்டில் தோன்றிய ஷெப்ளின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் நினைக்கத்தக்க பணி ஒன்று செய்தது. அதனைக் கூறுமுன், அங்கே பயன்பட்ட மருந்தின் வரலாற்றைக் கூறவேண்டும்.

அயர்லாந்து நாட்டு டப்ளின் நகரிலே வின்சென்ட் பாரி என்பாரும் அவருடைய துணைவரும் காசநோய்க்கு மருந்து தேடுகையில், செந்நிறப் பொருள் ஒன்றை ஆக்கி, 1957ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதுவே குளோபாசிமின். காசநோய்க்கு அக்காலத்தில் அது எதிர்பார்த்த அளவு பயன்படவில்லை. ஆனால் நைஜீரியாவிலே ஸ்டான்லி பிரவுன் என்பார் 1962ஆம் ஆண்டில் அதனைத் தொழுநோய்க்குக் கொடுத்துப் பயன் கண்டார். கிருமியைக் கொல்வதோடு அழற்சியையும் அது தணிக்கின்றது என்பது பின்னர்ப் புலனாயிற்று.

கரிகிரியில் டாக்டர் ஏ. பி. ஏ. காரத் முதலானோர் எதிர்வினையால் வருந்திய 24 நோயாளிகளைக் கொண்டு ஓர் ஒப்பீட்டு ஆராய்ச்சி நடத்தினர். ஒரு சாரார்க்குக் குளோபாசிமின். மற்றொரு சாரார்க்குப் பிரெட்னிசொலோன். எவர்க்கு எது கொடுக்கப்படுகின்றது என்பது நோயாளிக்கும் தெரியாது; பயனை அளந்த மருத்துவர்க்கும் தெரியாது. விருப்பு வெறுப்பு முடிவிலே கலவாதிருத்தற்கே இம்முறை. இதன் முடிவு 1970ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. குளோபாசிமின் பெற்றவருட் பயன் கண்டோர் தொகையே மிகுந்து நின்றது. நோயாளிகளின் தொகை சிறிது. அதனால் இவ்வொன்றையே கொண்டு முடிவு கட்டுதல் தகாது. ஆயினும் ஸ்டீராய்டை விட்டால் வேறு கதியில்லை என்னும் எண்ணத்தை அசைத்த சில ஆராய்ச்சிகளுள் ஒன்று நம் நாட்டு மண்ணிலே நிகழ்ந்தது என்பதை நம் மாணவர் அறிதல் நன்று. 2009ஆம் ஆண்டில் உலகத்து ஆராய்ச்சிகளையெல்லாம் தொகுத்து ஆராய்ந்தோர், இதனையும் அத்தொகுப்பிலே எடுத்து மதித்தனர்.

இம்மருந்திற்குரிய குறைகளையும் மறைத்தல் ஆகாது. முதலாவது, இது மெல்ல வேலை செய்வது. பயன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆதலால் தொடக்கத்தில் ஸ்டீராய்டையும் உடன் கொடுத்து, இது தன் ஆற்றலைக் காட்டத் தொடங்கிய பின் ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைப்பர். இரண்டாவது, எதிர்வினைக்கு வேண்டிய அளவு பெரிது. கூட்டுமருந்தில் நாள்தோறும் 50 மில்லிகிராம். எதிர்வினைக்கோ நாள்தோறும் 300 மில்லிகிராம். அவ்வளவைப் பன்னிரண்டு வாரத்திற்கு மேல் நீட்டாது குறைத்துக்கொண்டு வருவர். நீட்டினால் குடலிலே மருந்து படிந்து வயிற்றுவலி உண்டாக்கும். மூன்றாவது, இது தோலைச் செங்கருமை நிறமாக்கும். சாயமேற்றிப் பிழைக்கும் ஊரிலே நிறம் சோறு போடுவது. இந்நோயாளிக்கோ முகத்தில் ஏறிய நிறமே தன் நோயை ஊரார்க்குக் காட்டிக் கொடுக்கும் பகையாகின்றது. மருந்தை நிறுத்திய பின் அந்நிறம் பல திங்களில் மெல்ல மறையும். இதனை முன்னரே சொல்லி வைத்தால் நோயாளி பொறுப்பார். சொல்லாவிடில் மருந்தை எறிந்துவிடுவார். மருத்துவர் கூறும் நாலு சொல் இங்கே மருந்தின் பாதி ஆகும்.

தாலிடோமைடு என்னும் தீயும் விளக்கும்

இரண்டாவது மருந்து தாலிடோமைடு. இதன் பெயர் உலகம் அஞ்சும் பெயர். 1957ஆம் ஆண்டில் ஜெர்மனியிலே தூக்க மருந்தாக விற்பனைக்கு வந்தது. கருவுற்ற மகளிர் உண்டமையால் பதினாயிரத்திற்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைவுபட்டுப் பிறந்தன. 1961ஆம் ஆண்டு இறுதியில் அங்கே விற்பனை நிறுத்தப்பட்டது. அதன்பின் சில ஆண்டுகளில், எருசலேமிலே டாக்டர் ஷெஸ்கின் என்பார், எதிர்வினையின் வலியால் உறங்கமாட்டாது தவித்த தொழுநோயாளிகளுக்கு உறக்கம் வரட்டும் என்று எஞ்சியிருந்த இம்மருந்தைக் கொடுத்தார். உறக்கம் வந்தது, அதனினும் வியப்பு, கட்டிகளும் காய்ச்சலும் ஓரிரு நாளில் அடங்கின. டி.என்.எப். என்னும் அழற்சிப் பொருளை இது குறைக்கின்றது என்னும் உண்மை 1991ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

எருசலேமிற் கண்டதை முறையாகச் சோதித்தறிய உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆராய்ச்சியை ஒருங்கிணைத்தது. செங்கற்பட்டைச் சேர்ந்த டாக்டர் ஐயர், டாக்டர் ராமானுஜம் முதலானோர் அதிற் பங்கு கொண்டனர். செங்கற்பட்டுத் திருமணியிலுள்ள தொழுநோய் நிலையம் பழமை வாய்ந்தது; லேடி வில்லிங்டன் பெயரால் விளங்கிய அந்நிலையத்திலேதான் 1940களின் பிற்பகுதியில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் என்பார் டாப்சோன் இனத்து மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தார். தாலிடோமைடு ஆராய்ச்சியின் முடிவு 1971ஆம் ஆண்டில் வெளிவந்தது. 92 நோயாளிகள், அனைவரும் ஆடவர். ஆடவரை மட்டும் கொண்டதற்குக் காரணம் மேலே கூறிய கொடுமையே. ஆஸ்பிரின் உண்டவரைக் காட்டிலும் தாலிடோமைடு உண்டவர்க்குத் தோற் கட்டிகள் மிகுதியாக அடங்கின. அமெரிக்க அரசாங்கமும் 1998ஆம் ஆண்டில் இந்நோய்க்கென்றே இம்மருந்தைக் கடுங்கட்டுப்பாட்டுடன் அனுமதித்தது.

ஆகவே ஆடவர்க்கு இது சிறந்த மருந்து. மகளிர்க்கோ? திருப்பூர்த் தொழிற்சாலைகளிலே தையலிலும், பிசிறு வெட்டுதலிலும், செக்கிங்கிலும், பேக்கிங்கிலும் உழைப்பவருள் இளமகளிர் மிகப் பலர். அவர்கட்கு இம்மருந்தைக் கொடுத்தல் கூரை வேய்ந்த வீட்டில் தீப்பந்தம் பிடிப்பது போலாம். கரு உண்டாகாது காக்கும் உறுதியான வழியும், இடைவிடாத மேற்பார்வையும் இல்லாதவிடத்து இது கொடுக்கத் தக்கதன்று. ஆடவரும் இம்மாத்திரையை வீட்டிலே பிறர் கைக்கு எட்டாது வைத்தல் வேண்டும். உண்ணும் காலத்தில் ஆணுறையும் அணிதல் வேண்டும். நரம்பைக் கெடுக்கும் இயல்பும் இதற்கு உண்டு. தொழுநோயே நரம்பைக் கெடுப்பதாகலின், மரத்துப்போதல் நோயாலா மருந்தாலா எனப் பிரித்தறிதல் அரிதாகின்றது. இரத்தம் உறைந்து குழாயை அடைத்தலும் நேரும். ஸ்டீராய்டோடு சேர்த்து உண்கையில் இவ்வச்சம் மிகும்.

ஏனைய மருந்துகள்

மூன்றாவதாக, மெத்தோட்ரெக்சேட். மூட்டுவாதத்திற்கும் காளாஞ்சகப்படைக்கும் பல்லாண்டு வழங்கி வரும் மலிவான மருந்து இது. இந்தியா உட்பட ஆறு நாடுகளிலே, பிரெட்னிசொலோனுடன் இதனைச் சேர்த்துக் கொடுத்து ஒப்பிடும் ஆராய்ச்சியொன்று வகுக்கப்பட்டது. இம்மருந்திலே ஒரு செய்தியைப் பொன்போற் காத்தல் வேண்டும்: இது வாரத்திற்கு ஒருமுறை உண்பது. நாள்தோறும் உண்டால் இரத்த அணுக்கள் அழிந்து உயிர்க்கு இறுதி நேரும். மருந்துச் சீட்டில் எழுத்துப் படிக்கத் தெரியாத தொழிலாளிக்கு, இன்ன கிழமை என்று வாயாற் சொல்லி, அவர் திருப்பிச் சொல்லக் கேட்டே அனுப்புதல் தக்கது. வேற்று மொழியாளராயின் அவர் மொழியிலே சொல்லுதல் வேண்டும். ஈரலையும் இரத்தத்தையும் இடையிடையே சோதிப்பர்; மதுவை விலக்கச் சொல்வர். கருவுற்ற மகளிர்க்கு இதுவும் ஆகாது.

அசதயோபிரின், சைக்ளோஸ்போரின், பென்டாக்சிபிலின் முதலியனவும் சிற்சில இடங்களிற் கையாளப்பட்டுள்ளன. அவற்றின் பயனுக்குச் சான்று மெலிந்ததே. டி.என்.எப். பொருளை நேரே தடுக்கும் ஊசிகள் பிற மருந்துக்கு அடங்காத ஒருசிலர்க்குப் பயன்பட்டதாக மருத்துவர் எழுதியுள்ளனர். ஆனால் அவற்றின் விலை பெரிது; காசநோயைக் கிளப்பும் அச்சமும் உண்டு.

தொழுநோயோடு தொடர்பில்லாத பிற புண்ணோய்களிலும் இதே வினா எழுகின்றது என்பதைக் கூறி இப்பகுதியை முடிப்போம். 'பயோடெர்மா கேங்கிரினோசம்' என்பது வெள்ளணுக்கள் தோலைத் தாக்கி ஆழ்ந்த புண் செய்யும் அரிய நோய். அறுவை செய்து சுரண்டினால் மேலும் பரவுவது. இங்கிலாந்திலே 121 நோயாளிகளைக் கொண்டு பிரெட்னிசொலோனையும் சைக்ளோஸ்போரினையும் ஒப்பிட்டு 2015ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆறு திங்களில் இருசாராரிலும் ஏறக்குறையப் பாதிப்பேர்க்குப் புண் ஆறிற்று. மருந்துகளுள் ஏற்றத்தாழ்வு காணப்படவில்லை. தீங்குகள் மட்டும் வேறுபட்டன. ஆகவே நீரிழிவாளர்க்கு ஒன்று, சிறுநீரகம் நலிந்தார்க்கு மற்றொன்று என ஆளறிந்து தேர்தலே அறிவுடைமை என்பது பெறப்பட்டது. தொழுநோய்க்கும் இஃது ஒக்கும்.

நமது கடமை

இனி, நாம் முதலிற் கூறிய தொழிலாளியிடம் மீள்வோம். அவர் பொருட்டு மருத்துவர் செய்வது யாது? கூட்டுமருந்தைத் திரும்பத் தொடங்குவார். கடையில் வாங்கிய மாத்திரையைத் திடீரென நிறுத்தாது, அளவறிந்து மெல்லக் குறைப்பார். நீரிழிவையும் காசநோயையும் புழுவையும் சோதித்து அவற்றிற்கும் மருந்து கொடுப்பார். குளோபாசிமினையோ, ஆடவராகலின் தாலிடோமைடையோ துணை சேர்த்து, ஸ்டீராய்டினின்றும் அவரை விடுவிப்பார். புண் ஆறும், கை பிழைக்கும், அவர் மீண்டும் இஸ்திரி மேசைக்கு வரலாம், உணர்ச்சியற்ற கைக்குத் தடித்த உறை அணிந்து.

இவை நிகழ்தற்கு அவர் மருத்துவரிடம் வரல் வேண்டுமே! வேலை போய்விடும் என்னும் அச்சமே அவரைத் தடுப்பது. ஒடிசாவினின்றும், பீகாரினின்றும், ஜார்க்கண்டினின்றும் வந்து, விடுதி அறையிற் பலரோடு தங்குவார்க்கு இவ்வச்சம் இருமடங்கு. சிகிச்சை தொடங்கிய சில நாளிலேயே இந்நோய் பிறர்க்குப் பரவும் ஆற்றல் பெரிதும் குன்றிவிடுகின்றது. ஆதலால் அவரை விலக்குதற்குக் காரணமே இல்லை. சட்டமும் அவர் பக்கமே நிற்கின்றது. தொழுநோய் நீங்கியவரை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் காக்கின்றது; தொழுநோயை மணவிலக்கிற்குக் காரணமாகக் காட்டும் பழைய விதிகளும் 2019ஆம் ஆண்டில் நீக்கப்பட்டன.

நம் மாணவருட் சிலர் நாளை மருந்துக் கடை வைப்பர். சிலர் தொழிற்சாலை நடத்துவர். சிலர் அத்தொழிற்சாலைகளிற் கணக்கரும் மேற்பார்வையாளரும் ஆவர். மருந்துக் கடை வைப்பவர், சீட்டில்லாது ஸ்டீராய்டு கொடுக்க மறுத்தாரானால், ஓருயிரைக் காத்தவராவர். மேற்பார்வையாளர், சூடு பட்டும் அறியாத கையைக் கண்டு, கடிந்துகொள்ளாது மருத்துவமனைக்கு அனுப்பினாரானால், ஒரு குடும்பத்தைக் காத்தவராவர். கரிகிரியிலும் செங்கற்பட்டிலும் அறிஞர்கள் கண்ட மருந்துகள் நோயாளியின் கையை அடைவதற்கு இடையிலே உள்ள தொலைவு சிறிது. அத்தொலைவைக் கடப்பித்தல் நம் போன்றார் கடனே என்று கூறி, இக்கட்டுரையை முடிக்கின்றோம்.